கை நடுங்கினால் தறி நிற்கும்

காஞ்சிபுரத்தில் ஒரு பாவு தீர்ந்து அடுத்த பாவு ஏறும் நாளில், தறியில் எஞ்சியிருக்கும் பழைய இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். விரலில் கொஞ்சம் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, இரண்டு நுனிகளையும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு திருகு. ஒரு இழைக்கு ஒரு நொடி போதும். ஆனால் இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒன்று விட்டுப்போனாலும் சேலையின் நீளம் முழுக்க அது கோடாகத் தெரியும். கோர்வைச் சேலை என்றால் வேலை இன்னும் நுணுக்கம். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் ஒவ்வொரு நாடா, பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவை எறிய இன்னொரு ஆள். இரண்டு பேரின் கையும் ஒரே தாளத்தில் ஓடவேண்டும்.

பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நடந்தால் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்ட காலம் ஒன்று உண்டு. இன்று அது குறைந்துவிட்டது. இருக்கிற தறிகளில் கூலி இன்னமும் கையின் நிதானத்துக்குத்தான் கிடைக்கிறது. அந்தக் கைக்கு ஒரு மாத்திரையால் நடுக்கம் வந்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மாத்திரையின் பெயர் லித்தியம் கார்பனேட். மனநல மருத்துவத்தில் இதற்கு நிகரான மருந்துகள் குறைவு. சில வாரம் தூக்கமே இல்லாமல், ஊரையே விலைக்கு வாங்கிவிடலாம் என்ற வேகத்தில் பேச்சும் செலவும் சண்டையுமாக ஓடி, பிறகு மாதக்கணக்கில் பாயை விட்டு எழ முடியாமல், சாவைப் பற்றியே நினைத்துக் கிடக்கும் நோயை இருமுனைப் பிறழ்வு என்கிறார்கள். அந்த இரண்டு முனைகளையும் அடக்கிவைப்பது லித்தியம். தற்கொலையைக் குறைக்கிறது என்பதற்கு வலுவான சான்று உள்ள மிகச் சில மருந்துகளில் இது ஒன்று. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தவர்களில் ஆயிரத்துக்கு மூன்று பேர் இந்த நோயோடு வாழ்கிறார்கள். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் எந்தச் சிகிச்சையிலும் இல்லை.

அப்படிப்பட்ட மருந்தைப் பற்றி எழுதும்போது பயமுறுத்தக் கூடாது. படித்துவிட்டு ஒருவர் மாத்திரையை நிறுத்தினாலும் அது ஆபத்துதான். ஆனால் லித்தியத்துக்கும் கை நடுக்கத்துக்கும், தள்ளாட்டத்துக்கும், சில நேரம் நடுக்குவாதம் (பார்க்கின்சன் நோய்) போன்ற விறைப்புக்கும் தொடர்பு உண்டு என்பதை மறைத்துப் பேசுவதும் நோயாளிக்குச் செய்யும் துரோகம். இரண்டையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

உப்பின் வேடம்

1940-களின் கடைசியில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகருக்கு அருகே, பண்டூரா என்ற இடத்தில், போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கான மனநல மருத்துவமனை ஒன்று இருந்தது. அங்கே ஜான் கேட் என்ற மருத்துவர் தன்னந்தனியாக ஆராய்ச்சி செய்தார். கினிப் பன்றிகளுக்கு லித்தியம் உப்பைச் செலுத்தியபோது அவை வழக்கமான துள்ளல் இல்லாமல் அமைதியாகக் கிடந்தன. அதைத் தானும் உட்கொண்டு பார்த்துவிட்டு, வெறிநிலையில் இருந்த நோயாளிகளுக்குக் கொடுத்தார். 1949-ல் அவர் வெளியிட்ட கட்டுரையில் வெறிநிலை நோயாளிகள் பத்துப் பேரின் கதை இருந்தது. வருடக்கணக்காகக் கத்திக்கொண்டும் கலைத்துப் போட்டுக்கொண்டும் இருந்த ஒருவர் சில வாரங்களில் தெளிந்து, பிறகு வீட்டுக்கே போனார். மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்பியது. மீண்டும் மருந்து தொடங்கப்பட்டது. கடைசியில் அதே மனிதர் லித்தியத்தின் நஞ்சேறித்தான் இறந்தார். அன்றைக்கு அந்த மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் இல்லை.

அதே 1949-ல் அமெரிக்காவில் இன்னொரு விபரீதம் நடந்தது. இதய நோயாளிகளுக்கு உப்பு கூடாது என்று டாக்டர்கள் சொன்னார்கள். சாப்பாட்டில் சுவைக்காக, சாதாரண உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடு கடைகளில் விற்கப்பட்டது. தூவிச் சாப்பிட்டவர்களுக்குக் கை நடுங்கியது, நாக்கு குழறியது, கால் தள்ளாடியது, சிலர் செத்தே போனார்கள். அரசு அதைக் கடைகளிலிருந்து அகற்றியது. அந்தப் பயத்தில் அமெரிக்காவில் லித்தியம் மருந்தாக அனுமதி பெற 1970 வரை ஆனது. இடைப்பட்ட காலத்தில் மெல்போர்னில் ட்ராட்னர் என்ற விஞ்ஞானியும் அவரோடு இருந்தவர்களும் ரத்தத்தில் அளவு பார்த்துப் பார்த்து மருந்து கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். டென்மார்க்கில் மோகன்ஸ் ஸ்கூ 1954-ல் முறையான ஆய்வு நடத்தி மருந்தின் பலனை நிறுவினார்.

உப்பைக் குறைத்தவர்களுக்கே லித்தியம் நஞ்சானது என்பதைக் கவனியுங்கள். காரணம் சிறுநீரகத்தில் இருக்கிறது. தனிம வரிசை அட்டவணையில் லித்தியத்துக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பது சோடியம். சிறுநீரகத்தால் இரண்டையும் சரியாகப் பிரித்தறிய முடிவதில்லை. உடம்பில் சோடியம் குறைந்தாலோ நீர் வற்றினாலோ, போகிற உப்பையெல்லாம் சிறுநீரகம் திரும்ப இழுத்துக்கொள்ளும். அதோடு சேர்ந்து லித்தியமும் ரத்தத்துக்குத் திரும்பிவிடும். மாத்திரை நேற்றுப் போட்ட அதே அளவுதான், ரத்தத்தில் மட்டும் கூடிவிடுகிறது. கூடுவதற்கு இடமும் அதிகம் இல்லை. பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை மருந்து. 1.5-ஐத் தாண்டினால் நஞ்சின் அறிகுறி தொடங்கும். 2-ஐத் தாண்டினால் மருத்துவமனைக்கு ஓடவேண்டும்.

காஞ்சிபுரத்து உடம்பு

மெல்போர்னிலோ டென்மார்க்கிலோ உட்கார்ந்து வகுத்த அளவுகளை நம் ஊரில் பின்பற்றும்போது, நம் ஊர் வாழ்க்கையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஒரு நெசவாளரை நினைத்துப் பாருங்கள். சில வருடங்களாக லித்தியம் சாப்பிடுகிறார், நோய் அடங்கியிருக்கிறது. குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு மிதிபலகையை மிதித்தபடி நாள் முழுக்கக் குனிந்து உட்கார்கிறார். இடுப்பு வலி, முழங்கால் வலி, கழுத்து வலி எல்லாம் அந்தத் தொழிலோடு பிறந்தவை. தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் ஒரு வலி மாத்திரை கேட்டு வாங்குகிறார். டைக்ளோஃபெனாக்கோ இபுபுரூஃபெனோ கிடைக்கிறது. சீட்டு யாரும் கேட்பதில்லை. இந்த மாத்திரைகள் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றும் வேகத்தைக் குறைக்கின்றன. ரத்தத்தில் லித்தியம் கால் பங்கு வரை, சிலருக்கு அதைவிடவும் கூடுகிறது. நாலு நாள் தொடர்ந்து போட்டால் போதும்.

அடுத்து ரத்த அழுத்தம். ஐம்பதைத் தாண்டிய பலருக்கு அழுத்த மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும். நீர் பிரிய வைக்கும் ஹைட்ரோகுளோரோதயாசைடு, எனலாப்ரில், லொசார்டன், டெல்மிசார்டன் என்று நாம் அன்றாடம் கேட்கும் பெயர்கள் எல்லாமே லித்தியத்தின் அளவை ஏற்றக்கூடியவை. அழுத்தத்துக்கு ஒரு டாக்டர், மனசுக்கு ஒரு டாக்டர், இடுப்புக்கு மெடிக்கல் ஷாப். மூன்று இடத்திலும் மற்ற இரண்டைப் பற்றிக் கேட்பவர் இல்லை. உப்பைக் குறையுங்கள் என்று அழுத்த டாக்டர் சொல்வார். அதுவும் நியாயமான அறிவுரைதான். ஆனால் லித்தியம் சாப்பிடுபவர் திடீரென்று உப்பில்லாச் சாப்பாட்டுக்கு மாறினால் 1949-ல் அமெரிக்காவில் நடந்தது சின்ன அளவில் அவர் உடம்புக்குள் நடக்கும்.

இதற்கு மேல் வெயில். சித்திரை, வைகாசியில் காற்றோட்டம் குறைந்த தறிக்கூடத்துக்குள் உட்கார்ந்தால் வேர்த்துக் கொட்டும். அதே வைகாசியில்தான் வரதராஜப் பெருமாள் பிரம்மோற்சவம். கருட சேவை அன்று தெருவெல்லாம் ஜனம், வெறுங்கால், வெறும் வயிறு. 2019-ல் அத்திவரதர் தரிசனம் நடந்த 48 நாட்களில் மணிக்கணக்காக வரிசையில் நின்றவர்களுக்கு வெயில் உடம்பை என்ன செய்யும் என்று நினைவிருக்கும். விரதமே கூடாது என்று சொல்ல வரவில்லை. பாகிஸ்தானின் பெஷாவரில், லித்தியம் எடுத்துக்கொண்டே ரம்ஜான் நோன்பு இருந்தவர்களைக் கண்காணித்து 2010-ல் வெளியான ஆய்வில், அவர்கள் ரத்தத்தில் அளவு குறிப்பிடும்படி மாறவில்லை. கண்காணிப்பு இருந்தால் நோன்பு சமாளிக்கக்கூடியது என்று அதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். விரதம், வெயில், வலி மாத்திரை மூன்றும் ஒரே வாரத்தில் சேர்ந்து, டாக்டருக்கும் தெரியாமல் போவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. வாந்தி பேதியும் காய்ச்சலும் அந்தப் பட்டியலில் முதல் வரிசை.

காபியையும் சொல்லிவிட வேண்டும். நம்மவர்கள் திடீரென்று ஒருநாள் காபியை விட்டுவிடுவார்கள். காபி லித்தியத்தைச் சிறுநீரில் வேகமாக வெளியேற்றுகிறது. அதை நிறுத்தினால் லித்தியம் ரத்தத்தில் ஏறும். அதிகம் குடித்தால் காபியே கையை நடுங்க வைக்கும். ஆக, விடுவதானாலும் படிப்படியாக, டாக்டரிடம் சொல்லிவிட்டு.

இரண்டு நடுக்கங்கள்

கையை முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, அதன்மேல் ஒரு காகிதத்தை வைத்தால் காகிதத்தின் ஓரம் படபடக்கும். லித்தியத்தால் வரும் சாதாரண நடுக்கம் இப்படித்தான் கண்ணுக்குப் புலப்படும். நுணுக்கமானது, நொடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை. கையை மடியில் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். கையை நீட்டும்போதும் வேலை செய்யும்போதும் வரும். டம்ளரில் காபி தளும்பும், கையெழுத்து கோணும். லித்தியம் சாப்பிடுபவர்களில் சுமார் நாலில் ஒருவருக்கு இது வரக்கூடும். மருத்துவப் புத்தகங்கள் இதை ஆபத்தில்லாத நடுக்கம் என்று வகைப்படுத்துகின்றன. குமாஸ்தா வேலை செய்பவருக்கு அது சரி. சாம்பலைத் தொட்டு இழை திருகுபவருக்கு இந்த நடுக்கமே பிழைப்பைப் பறிக்கும். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று மனநல டாக்டர் முதல் நாளே கேட்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இரண்டாவது நடுக்கம் வேறு ஜாதி. கை பெரிதாக, முரட்டுத்தனமாக உதறும். நடை தள்ளாடும், குடித்தவர் போல. பேச்சு குழறும். உடம்பில் அங்கங்கே தசை வெட்டி வெட்டி இழுக்கும். வாந்தி, பேதி, மயக்கம், ஆள் அடையாளம் குழம்புவது எல்லாம் சேரும். இது நஞ்சேறியதன் அறிகுறி. அடுத்த மாத்திரையைப் போடாமல், அன்றைக்கே அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும். தேவைப்பட்டால் டயாலிசிஸ் செய்து லித்தியத்தை வெளியே எடுப்பார்கள். அக்கம்பக்கத்தார் இதைப் பார்த்து, குடித்துவிட்டு விழுந்து கிடக்கிறான் என்று ஒதுங்கிப் போவதுதான் நம் தெருக்களில் நடக்கிற கொடுமை.

நஞ்சேறிப் பிழைத்தவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு, மருந்தை நிறுத்தி மாதங்கள் ஆன பிறகும் தள்ளாட்டமும் குழறலும் போவதில்லை. தலையின் பின்புறம், அசைவுகளுக்கு நிதானம் தரும் சிறுமூளையில் உள்ள செல்கள் நிரந்தரமாகச் சேதமாகிவிடுகின்றன. இப்படி மீளாமல் நின்றுவிடும் பாதிப்புக்கு 1980-களில் தனிப் பெயரிட்டவர் இந்தியாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஆதித்யன்ஜி. 2005-ல் அவரும் சக மருத்துவர்களும் அதுவரை பதிவான 90 நோயாளிகளைத் தொகுத்து எழுதினார்கள். எண்ணிக்கை சின்னதுதான். ஆனாலும் நிறுத்தி இரண்டு மாதத்துக்குப் பிறகும் மாறாத தள்ளாட்டத்தோடு ஒரு நெசவாளர் தறிக்குழியில் இறங்க முடியாது. காய்ச்சலும், வெறிநிலையை அடக்கக் கொடுக்கும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் கூடவே இருப்பதும் இந்த ஆபத்தைக் கூட்டுவதாகக் கருதப்படுகிறது. லித்தியத்தையும் ஹாலோபெரிடாலையும் சேர்த்துச் சாப்பிட்ட நால்வருக்கு மூளை பாதிக்கப்பட்டதாக 1974-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் அறிக்கை பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. அதற்குப் பிறகு அந்த இரண்டையும் சேர்த்து ஏராளமானோர் கேடின்றிச் சாப்பிட்டிருக்கிறார்கள். எனவே சேர்க்கவே கூடாது என்பது பாடமாகாது, சேர்க்கும்போது கண் வைத்திருக்க வேண்டும்.

நடுக்குவாதம் பற்றித்தான் குடும்பங்கள் அதிகம் கேட்கின்றன. முகத்தில் சலனம் குறைவது, காலை இழுத்து நடப்பது, மணிக்கட்டை மடக்கினால் பற்சக்கரம் போலத் தட்டித் தட்டி மடங்குவது. இவை லித்தியத்தோடு நீண்ட காலம் வாழும் முதியவர்களில் சிலருக்குத் தோன்றுகின்றன. கனடாவின் ஒண்டாரியோவில் முதியவர்களின் மருந்துப் பதிவுகளை ஆராய்ந்து 2016-ல் வெளியான ஆய்வு, மனச்சோர்வு மருந்து தொடங்கியவர்களைவிட லித்தியம் தொடங்கியவர்களுக்கு நடுக்குவாத மருந்து எழுதப்படுவது கூடுதல் என்று கண்டது. அதற்காக லித்தியம் நடுக்குவாதத்தை உண்டாக்குகிறது என்று ஆணையிட்டுச் சொல்லிவிட முடியாது. லித்தியத்தால் வந்த சாதாரண நடுக்கத்தையே நடுக்குவாதம் என்று நினைத்து மருந்து எழுதியிருக்கலாம். இந்த நோயாளிகளில் பலர் ரிஸ்பெரிடோன் போன்ற மருந்தையும் வாழ்நாளில் சாப்பிட்டிருப்பார்கள். விறைப்பைக் கொண்டுவருவதில் அவை லித்தியத்தைவிடப் பெரிய கை. வால்புரோயேட் என்ற மாற்று மருந்தும் கையை நடுங்க வைக்கும். எது எதனால் என்று பிரிக்க, பழைய மருந்துச் சீட்டுகள் அத்தனையும் வேண்டும். அவற்றைத் தூக்கிப் போடாதீர்கள்.

பேட்டரியால் வருமா?

ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் இருக்கிற மாவட்டம் இது. செல்போனும் மின்சார வண்டியும் பெருகியபின், லித்தியம் என்றாலே பேட்டரிதான் பலருக்கு ஞாபகம். சட்டைப் பையில் இருக்கும் போனிலிருந்து லித்தியம் உடம்புக்குள் வந்து கையை நடுங்க வைக்காது. 300 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் சுமார் 56 மில்லிகிராம் லித்தியம் இருக்கிறது, தினமும் இரண்டு மூன்று மாத்திரை. அந்த அளவு வயிற்றுக்குள் போனால்தான் மேலே சொன்னதெல்லாம். பேட்டரித் தொழிலில் அசைவுக் கோளாறுக்கு நாம் அஞ்ச வேண்டிய உலோகம் மாங்கனீசு. பலவகை லித்தியம் பேட்டரிகளில் அதுவும் உண்டு. மாங்கனீசுத் தூளை அரைத்த தொழிலாளர்கள் கால் தளர்ந்து முன்னோக்கிச் சாய்ந்து நடந்ததை, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கூப்பர் என்ற மருத்துவர் 1837-லேயே பதிவு செய்துவிட்டார். பழைய பேட்டரிகளை முறையாகத் திரும்பப் பெற 2022-ல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்திருக்கிறது. காயலான் கடையில் பேட்டரியை உடைக்கிற பையனுக்கு முகக்கவசம் கிடைத்ததா என்பதில்தான் அந்த விதிகளின் மதிப்பு.

சொல்லாமல் நிறுத்துகிறவர்கள்

கார்த்திகை மாத ஞாயிறுகளில் கச்சபேஸ்வரர் கோயிலில் மண்சட்டியில் மாவிளக்கு ஏற்றித் தலையில் சுமந்து வலம் வருவார்கள். தலை சம்பந்தமான நோய் எதுவானாலும் தீரும் என்பது இந்த ஊரின் நம்பிக்கை. மூளைக்கு வரும் நோயை வெட்கமில்லாமல் தெருவில், சாமி முன்னால், தலையில் விளக்காகச் சுமக்கிற ஊர் இது. ஆனால் மனநல மாத்திரையை மட்டும் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறது. பெண்ணுக்கு வரன் பார்க்கிற வீடு என்றால் கேட்கவே வேண்டாம். விளக்கும் ஏந்தட்டும், மாத்திரையும் போடட்டும், இரண்டுக்கும் பகை இல்லை.

ஒளித்துச் சாப்பிடுகிறவர் ஒளித்தே நிறுத்துவார். கை நடுங்குகிறது, நாடா தவறுகிறது, முதலாளி சேலையில் குறை சொல்கிறார். வெளியே நரம்புத் தளர்ச்சி என்று சொல்லிச் சத்து ஊசி போட்டுக்கொண்டு, உள்ளே மாத்திரையை விட்டுவிடுகிறார். கை தெளிகிறது. சில வாரத்தில் தூக்கம் போகிறது, பேச்சு பெருகுகிறது. லித்தியத்தைத் திடீரென்று விட்டால் வெறிநிலை வேகமாகத் திரும்பும், தற்கொலை ஆபத்தும் கூடும் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கூலிக்காகச் செய்த காரியம் உயிருக்கே வந்து நிற்கும்.

இத்தனைக்கும் சாதாரண நடுக்கத்துக்கு வழி இருக்கிறது. ரத்த அளவு பார்த்துவிட்டு, இடம் இருந்தால் மருந்தைக் கொஞ்சம் குறைக்கலாம். மெதுவாகக் கரையும் மாத்திரைக்கு மாற்றலாம், இரவு ஒரே வேளையாகக் கொடுக்கலாம். தைராய்டு பார்க்க வேண்டும், ஏனெனில் அந்தச் சுரப்பி கூடுதலாக வேலை செய்தாலும் கை நடுங்கும். ஆஸ்துமா இல்லாதவர்களுக்கு புரோப்ரனலால் கைகொடுக்கும். இடுப்பு வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று பார்க்கலாம். இவை எல்லாம் டாக்டர் செய்யக்கூடியவை. கை நடுங்குகிறது என்று ஒரு வார்த்தை அவர் காதில் விழ வேண்டும். டாக்டரிடம் உடனே போக முடியாத நேரத்தில் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அரசிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான், ரத்தத்தில் லித்தியம் பார்க்கும் வசதி. மாத்திரை மலிவு. பரிசோதனைக்குத்தான் அலைச்சல். பல ஊர்களில் மாதிரி எடுத்துப் பெருநகர ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு வரக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரிகளில் சோடியம், பொட்டாசியம் பார்க்கிற கருவிகளில் பல வகைகள், கூடுதலாக ஒரு மின்முனை பொருத்தினால் லித்தியத்தையும் காட்டிவிடும். மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் இதைச் செய்ய முடியும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் கண் முகாம் நடத்துவது போல வருடத்துக்கு இரண்டு முறை, கோடைக்கு முன்னும் கோடைக்கு நடுவிலும், இந்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யலாம். ஒருவருக்கு மட்டும் நடத்துகிறோம் என்று தெரியாமல் இருக்க, சர்க்கரை, உப்பு, தைராய்டு என்று எல்லோருக்கும் எடுக்கும் ரத்தத்தோடு சேர்த்தே எடுக்கலாம்.

பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுங்கள். இரவு ஒன்பதுக்குப் போட்டால் மறுநாள் காலை ஒன்பது, காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். ரத்தம் எடுக்கும் குழாயின் மூடி பச்சையாக இருந்தால் வேறு குழாயில் எடுக்கச் சொல்லுங்கள். பச்சை மூடிக் குழாய்களில் ரத்தம் உறையாமலிருக்கப் பெரும்பாலும் லித்தியம் ஹெப்பாரின் தடவியிருக்கும். அதில் எடுத்தால் உங்கள் ரத்தத்தில் இல்லாத லித்தியத்தையும் கருவி சேர்த்துக் காட்டும்.